ஒரு முனை திறந்த வயர்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் மைக் செட் கடைக்கு வந்தால், சுவரில் சுருட்டி மாட்டியிருக்கும் இணைப்பு வயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், எங்களுக்கு ஏது நேர்த்திக்கடன்! அது என் அண்ணி சாராள் கட்டிய நூல். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு அலுப்பே கிடையாது.

அண்ணியின் அப்பா கிருஷ்ணகிரியில் தகரப் பட்டறை வைத்திருந்தார். மண்ணெண்ணெய் டின், புனல், பால் அளக்கும் படி எல்லாம் அங்கே செய்வார்கள். கரியடுப்பில் செம்புக் கட்டியைக் காயவைத்து, ஈயத்தை உருக்கி, மூட்டுக்கு மூட்டு அடைக்கும் வேலையை அவள் பாவாடை கட்டிய வயதிலேயே கற்றுக்கொண்டாள். செய்து முடித்த டின்னில் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைப்பார்களாம். அடியில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். அதனால் திறந்து கிடக்கும் எதைக் கண்டாலும் அவளுக்குக் கை அரிக்கும்.

அப்படிப்பட்டவளைத்தான் என் அண்ணன் ஐசக் கட்டிக்கொண்டான். அண்ணனுக்கு வாய் ஊரைச் சுற்றி வரும், கை மட்டும் நடுங்கும். அவன் பற்றவைத்த வயர் ஒரு கல்யாணம் முடிவதற்குள் பிய்த்துக்கொள்ளும். அண்ணி வந்த கொஞ்ச நாளிலேயே ஈயம் பற்றவைக்கும் கட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் செட்டு நடுவில் ஊமையானதாக எவனாவது சொல்லட்டும், நான் அவனோடு சண்டைக்கே போவேன். ஆனால் அண்ணன் அவளை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. “இந்தா” என்பான், கோபம் வந்தால் “ஏம்மே” என்பான், அவ்வளவுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் தென்பெண்ணை ஆற்றங்கரையில் மாட்டுச் சந்தையோடு எருது விடும் விழாவும் நடந்தது. விழாவுக்குப் பெரியவர் நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் சென்னகிருஷ்ணன். மைசூர்ப் பக்கத்திலிருந்தும் எருதுகள் வருகின்றன, மைதானம் பெரிது என்று அவர் பெங்களூர் செட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அண்ணன் விடுவானா? நேரே போய் நின்றான்.

“நம்மூரு விழாவுக்கு நம்மூரு செட்டு ஆவாதுங்களா? அப்புறம் எந்த ஊருக்காரன் எங்களக் கூப்புடுவான்?”

சென்னகிருஷ்ணன் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். ஆற்றுப் பக்கம் எங்கள் ஒலிபெருக்கிக் குழாய், கோயில் பக்கம் பெங்களூர்க் குழாய். மேடையில் ஒரே மைக். அது எங்கள் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு வயர் வழியாகப் பெங்களூர்ப் பெட்டிக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பேசினால் சரி, இல்லையென்றால் எங்கள் பெட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

அந்த வயரைச் செய்வதுதான் வேலையே. எங்கள் பெட்டியிலிருந்து சத்தம் ஒற்றைக் கம்பியில் வரும். திரும்புகிற வழி, மேலே சுற்றியிருக்கும் செம்பு வலை. பெங்களூர்ப் பெட்டியோ இரட்டைக் கம்பி கேட்கிற ஜாதி, வலை அதற்குத் தனி. அண்ணி இரட்டைக் கம்பி வயரை எடுத்தாள். ஒரு கம்பியை எங்கள் சத்தத்துக்கும் இன்னொன்றைத் திரும்புகிற வழிக்கும் கொடுத்தாள். மேலே இருந்த வலையை இந்த முனையில் எங்கள் பெட்டியோடும் அந்த முனையில் அவர்கள் பெட்டியோடும் சேர்கிற மாதிரி வழவழவென்று பற்றவைத்தாள். பெங்களூரிலிருந்து செட்டோடு வந்த கிருஷ்ணப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நகை மாதிரி செஞ்சிருக்கீங்களம்மா” என்றார். அண்ணி தலையை நிமிர்த்திக்கொண்டாள். அடக்கமெல்லாம் அவளுக்கு வராது, வரவும் வேண்டாம்.

விழாவன்று காலையில் வயரை மாட்டினோம். இரண்டு பக்கத்துக் குழாயிலும் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். மைக்கில் பேசினால், பேசுவது ஆளா வண்டா என்று தெரியவில்லை. வயரைக் கழற்றினால் இரண்டு பெட்டியும் சாதுவாக இருந்தன, மாட்டினால் மறுபடி இரைந்தன.

“எர்த் பத்தலம்மா, தண்ணி ஊத்துங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

மைக் செட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் எங்கள் பக்கத்து வைத்தியம் அதுதான். பெட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் அடித்த எர்த் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மோர் விற்க வந்த செல்லி தன் பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினாள். பார்த்த பெண்களெல்லாம் ஏதோ புண்ணியம் என்று ஆற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி உப்பையும் போட்டாள். இரைச்சல் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. கட்டியிருந்த எருதுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

சென்னகிருஷ்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். “ஐசக்கு, தப்பா நெனைக்காத. உன் பொட்டியக் கழட்டிடு. மாடு வுடற நேரம் ஆயிடுச்சு.”

அண்ணன் முகம் செத்துப்போய் நின்றான். அன்றைக்குக் கழற்றினால் சுற்றுப்பட்டில் எந்த விழாவுக்கும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணி மட்டும் அந்த எர்த் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த குடத்தோடு வந்தவளைக் கையமர்த்தினாள்.

“ஊத்தாதீங்க. தண்ணி ஊத்த ஊத்த இரைச்சல் ஏறுது. எர்த் பத்தாம இருந்தா கொறையணுமில்ல? ஏங்க, உங்க பொட்டிக்கு எர்த் எங்கருந்து?”

“கோயில் லைன்லேருந்து” என்றார் கிருஷ்ணப்பன்.

“எங்களுக்கு ரைஸ்மில் லைனு, இந்தக் கம்பி. ரெண்டு எர்த்தும் என் வயரு மேல இருக்கற வலையில வந்து முட்டிக்குது. ஒரு வூட்டுக்கு ரெண்டு மாமியாரு இருந்தா இரைச்சல் வராம என்னா வரும்?”

நல்லவேளை, என் அம்மா அங்கே இல்லை.

அண்ணி பெங்களூர்ப் பெட்டியிடம் போய் உட்கார்ந்து வெட்டுக்குறடை எடுத்தாள். கிருஷ்ணப்பன் கன்னடத்தில் பதறினார். “பேடம்மா! இவ்ளோ நல்லா பத்த வெச்சதைக் கட் பண்ணாதீங்க.”

“பொட்டிங்களுக்கு அதது எர்த்து அப்படியே இருக்கட்டும். வயர்ல இருக்கற வலை மட்டும் எங்க பக்கம் ஒட்டியிருக்கட்டும், உங்க பக்கம் சும்மா கெடக்கட்டும். கம்பி ரெண்டும் சத்தத்தக் கொண்டாந்துடும்.”

சொல்லிவிட்டாளே தவிர, கை உடனே போகவில்லை. பிறந்ததிலிருந்து திறந்ததை மூடியே பழகியவள். தான் வைத்த ஈயத்திலேயே அழகான மூட்டைத் தானே பிரித்து, முனையைத் திறந்து போட வேண்டும். ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நறுக்கென்று வெட்டினாள்.

இரைச்சல் நின்றது. மைதானத்தில் எருதுகளின் கழுத்துமணி கேட்டது. கிருஷ்ணப்பன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “பெங்களூர்லயும் இதோடதாம்மா மாரடிக்கறோம். இனிமே நானும் வெட்டிடறேன்.” அண்ணி பந்தல் துணியிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி வெட்டிய முனையில் சுற்றினாள். பார்க்கிறவன் மறந்துபோய் விட்டது என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடக் கூடாதல்லவா!

சென்னகிருஷ்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஆரம்பி ஐசக்கு” என்றார்.

எந்த விழாவிலும் மைக்கில் முதலில் செட்டுக்காரர் பெயரைச் சொல்வது வழக்கம். ‘ஐசக் சவுண்ட்’ என்று பெட்டிமேல் பெயின்டில் பெரிதாக எழுதியே இருக்கும். அண்ணன் மேடையேறி மைக்கைப் பிடித்தான். தொண்டையைக் கனைத்தது கூட ஆற்றுப் பக்கமும் கோயில் பக்கமும் துல்லியமாகக் கேட்டது. அவன் கீழே அண்ணியைப் பார்த்தான். கையில் குறடோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றான். பிறகு பெட்டிமேல் எழுதியிருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். வயர்தான் போய்விட்டதோ என்று நான் பயந்தேன்.

“இன்னிக்கு மைக் செட்டு, காவேரிப்பட்டினம் சாராள்.”

தென்பெண்ணைக்கு அக்கரையில் மாடு மேய்த்தவர்களுக்குக் கூட அது கேட்டதாம்.