ஸ்டானுக்கு ஒரு மாமி

சிட்னியில் கிரவீனில் குடியிருக்கும் தாட்சாயினி மெரிலேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். யாரைக் கண்டாலும் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டாள். அவள் கணவன் ஆடமின் வீட்டிலோ விசாரிப்பதற்கு ஆளே இல்லை. மாமனார் ஸ்டான் ஒற்றைப் பிள்ளை. அவருடைய தகப்பன் யூசெஃப் நோவாக், இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்துக்காரர்களோடு கப்பலேறி சிட்னிக்குத் தனியாக வந்தவர். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே கண்ணை மூடிவிட்டார்.

"எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை" என்று ஸ்டான் சாதாரணமாகச் சொல்வார். தாட்சாயினிக்குத்தான் அது பொறுக்கவில்லை.

மகள் பிறந்து விடுப்பில் இருந்தபோது, குழந்தை தூங்கும் நேரமெல்லாம் பழைய பதிவுகளைத் தேடத் தொடங்கினாள். யூசெஃபின் குடியுரிமைக் கோப்பில் பிறந்த தேதியும் டொம்ப்ருஃப்கா என்ற ஊர்ப் பெயரும் கிடைத்தன. அந்தப் பெயரில் போலந்தில் ஏகப்பட்ட ஊர்கள். தேடிய எந்த ஊரிலும் நோவாக் குடும்பத்தில் அப்படியொரு பிள்ளை பிறந்திருக்கவில்லை.

அவளுடைய அம்மா யோகா சலித்துக்கொண்டாள். "எங்கட சனத்தைத் தேடினாலும் பரவாயில்லை. இதென்ன வேலை உனக்கு?"

"இவையும் எங்கட சனம்தானே அம்மா. உங்கட பேத்தியின்ர ஆக்கள்."

குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் தாதி அவளை "செந்தில்நாதன்" என்று திக்கித் திணறி அழைத்தாள். அது தாட்சாயினியின் அப்பாவுடைய பெயர். இங்கே வந்தபோது அதையே அவளுடைய குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டு எழுந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. யூசெஃபின் பெயரை மட்டும் சரியாகவா எழுதியிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நோவாக்கைக் கைவிட்டாள். பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டொம்ப்ருஃப்காவின் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவுகளையும் மறுபடி பார்த்தாள். அகப்பட்டார் யூசெஃப் நோவாட்ஸ்கி. தாய் தகப்பன் பெயர்களும் இருந்தன. போலந்து வேர்களைத் தேடுவோரின் இணையக் குழுவில் அவற்றைப் போட்டுக் கேட்டாள்.

பதில் மெல்பனிலிருந்து வந்தது. ஹலினா என்பவள் எழுதியிருந்தாள். "இவர்கள் என் அம்மாவின் பெற்றோர். அண்ணன் யூசெஃபை ஜெர்மன்காரர்கள் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அம்மாவுக்கு ஐந்து வயது. அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தோம். அம்மா ஸோஃபியாவுக்கு இப்போது தொண்ணூறு. நன்றாக நடமாடுகிறார்." கூடவே அண்ணனும் தங்கையும் இருக்கும் ஒரு பழைய குடும்பப் படம். அதிலிருந்த பையன் ஆடமை உரித்து வைத்தது போலிருந்தான்.

ஸ்டான் வாசித்தார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அப்பாவுக்கு ஒரு தங்கையா? உயிரோடா?"

"ஓம், உங்கட மாமி!" என்றாள் தாட்சாயினி, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து.

அந்த வாரமே எல்லோரும் காரில் மெல்பனுக்குப் புறப்பட்டார்கள். யோகாவும் தான் பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸோடு ஏறிக்கொண்டாள்.

வாசலில் ஸோஃபியா, ஸ்டானின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அண்ணனுடைய மூக்கு. பாவம் நீ" என்றார். எல்லோரும் சிரித்து முடிக்கும்போது அவர் ஸ்டானின் நெஞ்சில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு ஆறுகிறது என்று அவர்களைக் குசினிக்குள் விரட்டினார்.

மேசையில் இருந்த பியெரோகியை யோகா கையில் எடுத்துப் பார்த்தாள். "இது கொழுக்கட்டையெல்லோ! உள்ளுக்குத் தேங்காய்ப்பூவும் பயறும் வைச்சால் இன்னும் திறம்." தாட்சாயினி மொழிபெயர்த்தாள். "நாளைக்குச் செய்யச் சொல்" என்றார் ஸோஃபியா.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது காரில் ஸ்டான் இல்லை. புதன்கிழமை தாட்சாயினியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நான் வர நாளாகும். மாமி இன்னும் தாத்தாவின் கல்யாணத்தையே சொல்லி முடிக்கவில்லை."