கம்பெனி மார்க்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் போன வாரம் தேனிக்குப் பக்கத்தில் அந்தப் பட்டறை வாசலில் மறுபடியும் ஏழெட்டு லாரி வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் மழைக்காலம். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு லாரி ஓட்டுகிறோம். ஓடைப்பட்டியில் திராட்சை ஏற்றி, கூடலூர் வழியாக மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவோம். ஒருநாள் பிரேக்கை மிதித்தால் சோற்றுக்குள் கால் வைத்த மாதிரி பொதுக்கென்று உள்ளே போனது. அந்த மலை வளைவுகளில் பிரேக் இல்லையென்றால் வண்டி நேராகப் பள்ளத்துக்குத்தான்.

கூடலூரில் ஒற்றை ஆளாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனைக் கேட்கலாம் என்றான் கூட்டாளி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கடை வாசலில் ஒரு வண்டிகூட நிற்காது. போகும்போதெல்லாம் "அண்ணே, இன்னைக்கு எத்தன ஈ ஓட்டுனீக?" என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். கூட்டம் இருக்கிற கடையில்தானே பிரியாணி நன்றாக இருக்கும்? அந்தக் கணக்கில், எப்போதும் லாரி வரிசை நிற்கும் தேனிப் பட்டறைக்கே வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய் விட்டேன்.

அங்கே என்னை "வாங்க ஓனர்" என்றார்கள். அதிலேயே பாதி மயங்கிவிட்டேன். வேலை நடக்கிற இடத்துக்கு மட்டும் விடவில்லை. டிவி ஓடுகிற ரூமில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சாயங்காலம், "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு ஓனர், புதுசு போட்டாச்சு. இந்தாங்க உங்க பழசு" என்று ஒரு பையையும் கையில் கொடுத்தார்கள். நாம் மிதிப்பதை எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக்காக அனுப்புகிற உருளைதான் மாஸ்டர் சிலிண்டர். பழசைத் திருப்பித் தருகிறானே, எவ்வளவு நேர்மை என்று ஊரெல்லாம் சொன்னேன்.

மறுநாள் காலை. லோடு ஏற்றிக்கொண்டு கூடலூரில் டீக்கு நிறுத்தினோம். எனக்குக் கை அரித்தது. என் கூட்டாளிக்கு முன்பல் இரண்டும் வாசலுக்கு வந்து நிற்கும். முன்பு ஒருநாள் லோடுக்குக் காத்திருந்தபோது, அவன் வாயைத் திறந்து தூங்கிய அழகை அந்தப் பழைய சிலிண்டரின் அடியில் ஆணியால் கீறி, கீழே 'மாப்ள' என்றும் எழுதி வைத்திருந்தேன். புதுசிலும் அவனைக் குடியேற்ற வேண்டுமே! ஆணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

வெள்ளிப் பெயின்ட் பளபளக்கிற புது சிலிண்டர். அதன் அடியில், பெயின்டுக்குள்ளிருந்து, அதே இரண்டு பல். அதே 'மாப்ள'.

வெளியே வந்து, "பிரேக்க மிதிச்சு அப்படியே புடிடா" என்றேன். மிதித்தான். முதலில் கல் மாதிரி நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மலையில் இருந்திருப்போம்.

திராட்சைப் பெட்டிகளை ஜீப்பில் மாற்றி அனுப்பிவிட்டு, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். பட்டறைக்காரர் போட்டோவைப் பார்த்தார். நேற்று ஓனராக இருந்தவன் இன்று தம்பியாகிவிட்டேன்.

"இது கம்பெனி மார்க்கு தம்பி."

"கம்பெனிக்காரன் எங்க மாப்ள பல்லயா மார்க்கா வச்சிருக்கான்? அப்ப பையில போட்டுக் குடுத்தீகளே, அது எவன் வண்டி உருப்படி?"

"கத்தாத தம்பி, வேற வேணா மாத்தித் தாரேன்."

அங்கே நின்ற டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தர் சத்தமில்லாமல் தன் லாரிக்கு அடியில் குனிந்தார். பக்கத்தில் நின்ற கேரளா வண்டி டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "இதே பிரேக்கு, ஞான் இது மூணாமத்த தவண வந்நதாணு." மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாராம்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அங்கே நின்றது கூட்டமே இல்லை. சரியாகாமல் திரும்பி வந்த வண்டிகள்.

கூடலூர் அண்ணன் கடை வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "ஈ ஓட்டுற வேலைய அப்புறம் பாத்துக்கிறேன். நீ இங்கனயே உக்காந்து பாரு, எந்திரிச்ச, கையில இருக்கிற வேலைய அப்படியே போட்டுட்டுப் போயிருவேன்" என்றார். புது உருப்படியின் பெட்டியை என் கையால்தான் பிரிக்கச் சொன்னார். கழற்றிய பழசைச் சம்மட்டியால் இரண்டாக உடைத்து, பல் இருந்த துண்டை மட்டும் எனக்குக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அவர் வாசல் ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அன்றைக்கு நாங்கள் பள்ளத்தில் கிடந்திருந்தால், 'டிரைவரின் கவனக்குறைவு' என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். பெயின்ட் அடித்த கை அடுத்த லாரிக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கும். இப்போதெல்லாம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒன்றுதான் கேட்கிறேன்: பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா? டீ குடித்துவிட்டு வரச் சொன்னால், டீ குடிக்காமலே வந்துவிடுவேன்.

இவ்வளவையும் எழுதிக் கூட்டாளிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எல்லாஞ் சரிதான் மாப்ள, எம் பல்லாலதான் உசுரு பொழச்சோம்னு மட்டும் கொட்ட எழுத்துல போட்டுரு."