கழுவிக் காயவைத்த பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மலேசியாவின் செரம்பானில் ஒரு கணினி நிறுவனத்தில் அப்போது எனக்குப் பயிற்சியாளர் வேலை. மந்தின் என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே போகும் ரப்பர் தோட்டம் ஒன்றில் சிறிய தமிழ்ப்பள்ளி இருந்தது. வகுப்பில் கணினியை வைத்துப் பாடம் நடத்த அங்குள்ள ஆசிரியர்களைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து மந்தினில் இறங்குவேன். தலைமையாசிரியர் தம் பழைய காரில் வந்து அழைத்துப்போவார்.

பள்ளியில் இருந்த இரண்டு கணினிகளும் இரவல். கல்வி இலாகா சோதனைக்காகக் கொடுத்தவை. ஓர் அதிகாரி வந்து ஒரு பாடத்தை நேரில் பார்ப்பார். பிள்ளைகள் உண்மையிலேயே அதில் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் இரண்டும் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் டவுனில் கேட்டுக் காத்திருக்கும் வேறொரு பள்ளிக்குப் போய்விடும். இதைத் தலைமையாசிரியர் முதல் நாளே காரில் வைத்துச் சொல்லிவிட்டார்.

அந்தப் பாடத்தை நடத்த வேண்டியவர் மூன்றாம் ஆண்டு வகுப்பு டீச்சர். நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். முதல் சில வாரங்கள் விசைகளை விரலால் தொடவே இல்லை. பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாக அழுத்துவார். விளையாட்டு ஆசிரியருக்கு அது நல்ல வேடிக்கை.

"டீச்சர், அது கடிக்காதுலா. தைரியமா தொடுங்க."

"உங்களுக்கென்ன சார், பந்து போனா வேற பந்து. இது போனா யாரு வாங்கிக் குடுக்கிறது?"

ஆனால் என்ன பாடம் செய்யலாம் என்று பேச உட்கார்ந்தபோது யோசனை சொன்னவர் அவர்தான். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் தெரியவில்லை என்றார். ரப்பர் மரங்கள் நிரை நிரையாகத்தானே நிற்கின்றன, திரையில் அதைக் காட்டினால் என்ன என்று கேட்டார். ஒரு நிரைக்கு ஏழு மரம், ஆறு நிரை, மொத்தம் எத்தனை? சரியான விடை சொன்னால் கணினி ஒரு சின்ன மெட்டு இசைக்க வேண்டும். அந்த மெட்டும் அவர் கேட்டதுதான். நான் நிரல் எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மரம் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், கணக்கு இவ்வளவு சீக்கிரம் கடினமாக வேண்டாம் என்று திருத்திக்கொண்டே இருந்தார். எப்போது பென்சிலைக் கீழே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

அந்தக் கணினிகளில் நிலையான சேமிப்பு எதுவும் கிடையாது. எல்லாமே கறுப்பு அட்டை உறைக்குள் இருக்கும் மெல்லிய வட்டுகளில்தான். உறையில் நடு ஓட்டைக்குக் கீழே நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் இயந்திரம் வட்டைத் தொட்டுப் படிக்கும். எதையும் வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. வளைக்காதீர்கள், காந்தத்தின் அருகில் வைக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், அந்தத் திறப்பில் விரல் வைக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாடத்துக்கு நகலும் எடுத்து வைத்தோம். என் அலுவலகத்தில் இருந்தது மரங்கள் வருவதற்கு முந்தைய வடிவம் மட்டுமே.

அதிகாரி வருவதாகச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளியில் சரஸ்வதி பூஜை; மறுநாள் பயிற்சி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது கணினிகளுக்கு இன்னும் சாமிக்களை இருந்தது. திரையின் நெற்றியில் திருநீறு, விசைப்பலகையின் ஓரத்தில் வாடிய செவ்வந்தி. விளையாட்டு ஆசிரியர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாலை போட்டாச்சு மிஸ். தாலி ஒன்னுதான் பாக்கி."

நானும் சிரித்தேன். கையோடு கொண்டுபோயிருந்த வட்டைப் போட்டுக் கணினியை எழுப்பினேன். டீச்சர் டப்பாவிலிருந்து பாட வட்டை எடுத்துத் தர, அதை உள்ளே தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. வெளியே இழுத்தேன். மேசையில் மஞ்சள் பொடி உதிர்ந்தது.

அந்த நீள்வட்டத் திறப்பின் சரியான நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூன்று நாளில் நன்றாகக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. டப்பாவில் இருந்த வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை. நகலுக்கும் பொட்டு இருந்தது.

"அட்டையில சந்தனம் ஒட்டல மிஸ்," என்றார் டீச்சர். குரல் மிகவும் சன்னமாக வந்தது. "அந்த எடம் மட்டும் வழவழன்னு இருந்துச்சு. விரல் படக்கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. அதான் தீக்குச்சியால வச்சேன்."

சுவரில் நான் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை.

அதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது. "பத்து மணிக்கு அவரு வந்துருவாரு. யாரு வச்சது பொட்டு?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் விளையாட்டு ஆசிரியர் முந்திக்கொண்டார். "எல்லாரும் சேர்ந்துதான் சார் கும்பிட்டோம். நீங்கதான் கற்பூரம் காட்டினீங்க."

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். பாடம் அழியவில்லை, அழுக்காகியிருக்கிறது. வட்டு வேறு, உறை வேறு. காப்பி கொட்டிப்போன வட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி, புது உறைக்குள் போட்டுப் படிக்கவைத்ததாக எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் செய்து பார்த்ததில்லை. முதலில் சந்தனம் ஏறிப்போன கணினியை மூடிவைத்தேன், இனி மற்றதுதான் கதி. வட்டைத் தொட்டுப் படிக்கும் அதன் தலையையும் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று, ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவர விளையாட்டு ஆசிரியரைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸரிடம் அனுப்பினேன். அவர் மோட்டார் சைக்கிளில் பறந்தார். பிளேடும் ஒரு பேசினும் சோப்பும் ஆசிரியர் அறையிலேயே கிடைத்தன.

நகல் வட்டை எடுத்து, உறையின் மேல்விளிம்பைப் பிளேடால் கீறி, பழுப்பு நிற வட்டை வெளியே உருவினேன். பண நோட்டைவிட மெல்லியதாக, கையில் கனமே இல்லாமல் ஆடியது. கழுவப் போனேன். டீச்சர் கையை நீட்டினார்.

"நான்தானே வச்சேன். நானே கழுவுறேன் மிஸ்."

ஒரு கணம் தயங்கினேன். நடு ஓட்டையில் விரலைக் கோத்துப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, சோப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டும் என்று சொல்லி அவரிடமே கொடுத்தேன். அவர் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வட்டைப் பேசினில் மெதுவாகச் சுற்றினார். சந்தனம் கரைந்து தண்ணீர் மஞ்சளானது, பிறகு குங்குமம் கலந்து சிவந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி அலசினார். நான் என் பழைய மெல்லிய கைக்குட்டையால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக் காயவைத்தேன். என் பையிலிருந்த ஒரு புது வட்டின் உறையைக் கீறி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு இதைச் செருகினேன்.

ஸ்பிரிட்டால் தலையைத் துடைத்த பிறகு நல்ல கணினியில் போட்டோம். படிக்க முடியவில்லை என்று அதே வரி வந்தது.

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசித்தேன். ஈரம் இல்லை, தூசி இல்லை. அப்போது டீச்சரே கேட்டார். "மிஸ், உள்ள போடும்போது இது திரும்பிக்கிட்டிருக்குமோ?"

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வட்டில் அது நடக்கக்கூடியதுதான். வெளியே உருவி, புரட்டி, மறுபடி செருகினேன். விளக்கு எரிந்தது. இந்த முறை கரகர சத்தம் இல்லை. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மரங்கள் நிரை நிரையாக வந்து நின்றன. "வந்துருச்சுலா," என்று விளையாட்டு ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். நான் உடனே அதைச் சுத்தமான இன்னொரு வட்டில் நகலெடுத்தேன். அந்த மெட்டு இருந்த கோப்பு மட்டும் வரவில்லை.

"பாட்டு இல்லாட்டி என்னா," என்றார் டீச்சர். "பிள்ளைங்க கை தட்டட்டும்." சொல்லிவிட்டு வளையல்களை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். அவர் நடையில் அவசரமே இல்லை.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். மலாய்க்காரர், சிரித்த முகம். பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் விசைகளை விரலால் தட்டினார், மரங்கள் வந்தன, ஒரு பெண்பிள்ளை எழுந்து விடை சொன்னாள், வகுப்பே கை தட்டியது. சில கணக்குகள் போனதும் அதிகாரியும் கூடச் சேர்ந்து தட்டினார். ஒரு பையன் தப்பாகச் சொன்னபோது டீச்சர் கோபிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே காட்டி, அங்கே நிற்கும் நிரையை எண்ணச் சொன்னார். அதிகாரியும் கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார். முடிந்ததும், கை தட்டுவது பாடத்தின் ஒரு பகுதியா என்று கேட்டார். "யா, என்சிக்," ஆமாம் ஐயா என்று மலாயில் சொன்னார் டீச்சர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கணினிகள் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இருவர் விரலிலும் சோப்பு வாசனை இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன். எங்கும் முதல் நாளில் விதிகளை ஒட்டியதில்லை. கெட்டுப்போன வட்டு ஒன்றையும் ஒரு பிளேடையும் கையில் கொடுத்து, திறந்து பாருங்கள் என்பேன். அன்று அந்த மரங்கள் திரைக்கு வராமல் போயிருந்தால், பக்தியோடு பொட்டு வைத்த ஒருவர் தம் கையால்தான் பிள்ளைகளின் கணினி போனது என்று காலமெல்லாம் நினைத்து, மறுபடியும் பென்சிலைத் தேடியிருப்பார். அப்படி நடக்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு லேசாகிறது.