லீவ் வேகன்சியில் வந்த அருளப்பன் சார்

போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்தார். எனக்கோ ஃபார்மலின் வாடை வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டும் என் மூக்கில் சேர்ந்தே ஒட்டிக்கொண்டவை.

எழுபதுகளின் தொடக்கத்தில், எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்திருந்தேன். தவளை பிடித்து வைப்பதும், பாம்பும் பல்லியும் ஊறும் ஃபார்மலின் பாட்டில்களைத் துடைப்பதும் வேலை. அப்போதுதான் அருளப்பன் சார் வந்தார். என் வயதுதான். எங்களைப் போல விவசாயக் குடும்பம்தான். ஆனால் சென்னையில் நத்தைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். உள்ளே வந்தால் மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவர் இல்லாதபோது அவருடைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கூடப் பார்த்தேன். தோளில் ஏறவில்லை.

அவர் வேலை மட்டும் லீவ் வேகன்சி. மஞ்சள் காமாலையில் படுத்துவிட்ட மாதப்பன் சாருக்குப் பதிலாக வந்தவர். அவர் எழுந்து வந்தால் இவர் போக வேண்டும். ஊர் ஊராக இன்டர்வியூவுக்குப் போய் வந்தும் வேறு எதுவும் அமையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளியைப் பார்க்க இருவரும் மாரண்டஹள்ளிக்குப் போனோம். ஆரஞ்சுப் பை என் கையில்.

வாசலிலேயே மாதப்பன் சாரின் மனைவி, "வாங்க தம்பி. கீழாநெல்லி குடுத்தேன், கண்ணு மஞ்சளெல்லாம் போயிடுச்சுங்க. நேத்து களி கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு" என்றார்.

"சந்தோசம்ங்க" என்ற அருளப்பன் சாரின் முகம் செத்துப்போயிற்று. கட்டிலில் இருந்தவர் கவனித்துவிட்டார்.

"என்னா டாக்டரே, உங்களுக்காவ இன்னும் கொஞ்ச நாளு படுத்துக்கட்டுமா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க சார்!"

எல்லோரும் சிரித்தோம். அருளப்பன் சார்தான் சத்தமாகச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "நீங்க குடுத்து வெச்சவருங்க. பர்மனென்ட் வேலை. நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோட நிறுத்தியிருக்கணும்."

எனக்குச் சுரீர் என்றது. கோட்டுப் போட்டவர் என் துடைக்கிற துணிக்கு ஆசைப்படுவதா?

"அப்போ மாத்திக்கலாமா சார்?" வாயே திறக்காத நான்தான் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் மாதப்பன் சார் வேலைக்குத் திரும்பினார். மொரப்பூரில் அருளப்பன் சாரை ரயிலேற்றிவிட்டேன்.

"இனிமே எங்க சார்?"

"கும்பகோணத்துல ஒரு மேடம் பிரசவத்துக்குப் போறாங்களாம்."

அதோடு சரி, தகவல் ஏதும் இல்லை. பழைய ஆய்வகத்தை இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்திலும் அதே வேலையில் இருந்துதான் ரிட்டையர் ஆனேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட அப்புறம் ஒருவரும் வரவில்லை.