இடத்தோளில் துப்பாக்கி பிடித்தவர்

மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் அருகே நான் மேலாளராக இருந்த செம்பனைத் தோட்டத்தில், காட்டுப்பன்றி சுடும் காவல்காரர் ஒருவர் இருந்தார். மெலிந்த, நெட்டையான மனிதர். உண்பதும் எழுதுவதும் வலக்கையால்தான். துப்பாக்கியை மட்டும் இடத்தோளில் வைப்பார். அவருக்குக் குறி பிடித்துத் தந்தது இடக்கண்.

தலைமையகத்தார் பார்வையிட வந்த காலையில், அவருடைய நாய் கருப்பி ஒரு பன்றியைக் கால்வாயோரம் மறித்து நின்றது. அவர் துப்பாக்கியை இடப்பக்கம் தூக்கினார். விருந்தினர் முன் அந்தக் கோணல் எனக்கு இழுக்காகத் தோன்றியது.

"வலது தோள்ல வச்சு ஒழுங்கா சுடுங்க."

"அப்படி வச்சா எனக்குக் குண்டு இடது பக்கம் இழுத்துக்கும் சார். கருப்பி அங்கதான் நிக்குது லா."

"சொன்னதச் செய்யுங்க."

செய்தார். பன்றி ஓடிவிட்டது, கருப்பி விழுந்தது.

என்னவென்று விருந்தினர் கேட்டபோது, "என் கைதான் பிசகிடுச்சு சார்" என்றார் அவர். நான் மறுக்கவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார், தே ஓ குடிங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாலில்லாத அந்தத் தேநீரைக் குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

எதற்காகப் போனேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?