ஒட்டுக்காரர் தம்பிக்குச் சொன்ன யோசனை

அந்த நாற்றுப் பண்ணையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒட்டுக்காரர் என்றால் போதும். தேறாது என்று மற்றவர்கள் கைகழுவிய கன்றுகூட அவர் கத்தி பட்டால் துளிர்க்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், செடிகளுக்கு ஜோடி சேர்க்கவே நேரம் பற்றவில்லை என்பார். தூக்கம் தம்பி வீட்டு மாடியறையில். சாப்பாடு தம்பி மனைவி கையால்.

அவர் தொழிலின் சூட்சுமமெல்லாம் மரப்பட்டைக்கு உள்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஈரமாக, மெல்லியதாக ஒரு பச்சைத் திசு ஓடும். தண்டு பருக்கத் தேவையான புதுச் செல்கள் பிறப்பது அதில்தான். அடிச்செடியின் பச்சையும் மேலே செருகும் குச்சியின் பச்சையும் நேருக்கு நேர் முட்டினால், இரண்டு பக்கமும் செல்கள் பெருகி இடைவெளியை அடைத்துவிடும். பிறகு நீர் ஏறும் குழாயும் உணவு இறங்கும் குழாயும் இணையும். அதன்பின் அது ஒரே மரம். ஒட்டு அசையாமல் இருக்கச் சுற்றிய நாடாவை அப்போது அவிழ்த்தாக வேண்டும். சோம்பேறித்தனமாக விட்டுவைத்தால், நாடாவே இறுக்கி, நன்றாகப் பிடித்துவிட்ட ஒட்டையும் கொன்றுவிடும். ஒட்டுக்காரருக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

தம்பி, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றுகிறவன். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போனபோது அண்ணன் யோசிக்கவே இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவர் தன் சிறுநீரகம் ஒன்றை அறுத்தே கொடுத்தார். அறுவை முடிவதற்குள்ளேயே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னதும், ஒட்டு பிடித்துவிட்டது என்று படுக்கையில் கிடந்தபடியே சிரித்தார். தையல் சுரீரென்று இழுத்தது.

புதுச் சிறுநீரகத்துக்காகக் கொடுத்த மாத்திரைகளை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார். தம்பியும் வேளை தவறாமல் விழுங்கினான். உடம்பு தேறியது, ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. டம்ளர் பிடிக்கலாம், தலைமுடி போன்ற கம்பியைச் சுற்ற முடியாது. மாத்திரையின் குணம் அது, போகப் போகக் குறையும் என்றார்கள். குறைவதற்குள் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விட்டது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி அவன் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒட்டுக்காரர் ஒருநாள் பார்த்தார்.

"ஒட்டு பிடிச்சு ஒரு வருஷம் ஆச்சுடா," என்றார். "இன்னும் எதுக்குக் கட்டு? அதுவே இறுக்கிக் கொன்னுடும். மாத்திரையை நிறுத்திப் பாரு."

அவர் கைராசி ஊருக்கே தெரியும், தம்பிக்குத் தெரியாதா? வீட்டில் சொல்லாமல் நிறுத்தினான். சில நாளில் நடுக்கம் போயிற்று. கடையில் மறுபடி மோட்டார்கள் ஓடிய அந்தச் சத்தம் ஒட்டுக்காரருக்கு அப்படி இனித்தது.

கொஞ்ச காலத்திலேயே தம்பியின் கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் கூட்டிப்போனார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். தம்பி ஒருமுறை அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, போகிறது என்றான். ஒட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். டாக்டர் அதை நம்பி, ஏதோ கிருமி என்று வேறு மருந்து எழுதினார். மறுமுறை ரத்தத்தில் மாத்திரையின் சுவடே இல்லை என்று தெரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது.

ஒட்டுச்செடி மாதிரி இதுவும் பிடித்துவிட்டதே என்று ஒட்டுக்காரர் முனகினார். டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு அவருக்கும் தம்பி மனைவிக்கும் விளக்கினார். செடிக்குள் ரோந்து சுற்றும் காவல் செல்கள் கிடையாது. மனித ரத்தத்தில் உண்டு. தன் உடம்பின் செல் எது, அடுத்தவருடையது எது என்று அவை எப்போதும் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். ரத்தக் குழாய்களைத் தைத்து இணைத்ததால் அடுத்தவர் உறுப்பு வேலை செய்யும். அதற்காக அது சொந்தமாகிவிடாது. மாத்திரை அந்தக் காவலைத் தூங்கவைத்திருந்தது, அவ்வளவுதான். நிறுத்தியதும் அது விழித்து உறுப்பைத் தாக்கிவிட்டது. முதல் தடவையே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

தன்னிடம் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒட்டுக்காரர் அவர் காலில் விழப் போனார். உயிரோடு இருப்பவரின் கடைசிச் சிறுநீரகத்தை எந்த டாக்டரும் எடுக்க மாட்டார் என்று சொல்லித் தூக்கிவிட்டார்கள்.

தம்பியை, அறுவைக்கு முன்பு போல மறுபடி ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன் என்று சொல்லி அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒட்டுக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்," என்றார். "செடி மாதிரிதான்னு நெனச்சுட்டேன்."

அவள் அழுகையை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அது உங்களுக்குத் தெரியாம சொன்னது, மாமா. அதை விடுங்க," என்றாள். "மாத்திரை போகுதான்னு டாக்டர் கேட்டப்போ, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஒட்டுக்காரர் அன்று போலவே சுவரைப் பார்த்தார்.