விசாரிக்கப் போன வீட்டில் கேசரி

இரண்டாயிரத்து ஆறு அல்லது ஏழாக இருக்கும். பி.காம் முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த எனக்கு ஒரு ஏஜென்சியில் இடம் கிடைத்தது. கிரெடிட் கார்டு கேட்டு விண்ணப்பிக்கிறவர்களின் வீட்டுக்குப் போய், ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று விசாரித்து வந்து சொல்ல வேண்டும். ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர். கத்திரியும் அவரையும் போடுகிற அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் பஸ் ஏறும்போது, யார் கேட்டாலும் மகன் பேங்கில் இருப்பதாக அம்மா சொல்லிக்கொள்வாள்.

உண்மையில் எனக்குச் சம்பளம் சந்தேகப்படுவதற்குத்தான். சேர்ந்த அன்றே மேலாளர் பாடம் எடுத்தார். கார்டு கேட்கிறவர் சொல்வதை நம்பாதே, வீட்டைப் பார். வாசலில் கிடக்கிற செருப்பும் அவர் சொல்கிற ஆள் கணக்கும் ஒத்துப்போகிறதா, கொடியில் காய்கிற சட்டை யாருடையது என்று பார். அக்கம்பக்கத்தில் விசாரி, எதற்கு விசாரிக்கிறாய் என்று மட்டும் வாயைத் திறக்காதே. காபி கொடுத்து உபசரித்தால் இன்னும் உஷாராக இரு. நாளடைவில் இது எனக்குள் ஊறிப்போய், எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களின் செருப்பைக்கூடக் கவனிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஒருநாள், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையில் இருந்த காலத்தில் வாங்கிய கார்டு அவரிடம் இருந்தது. ஓய்வு பெற்றதும் அதன் லிமிட்டைக் கம்பெனி பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. பழையபடி உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். கிளம்பும்போது மேலாளர், "அறுபது தாண்டுன கேஸுப்பா. சம்பாதிக்கிற மகன் இருக்கானான்னு பாரு. அவனப் பத்தி நல்லாத் தோண்டிக் கேட்டுட்டு வா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வயதுக்காரர்கள் கேட்டது கேட்டபடி கிடைத்து நான் பார்த்ததும் இல்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்து அது. முதலில் முனையில் இருந்த மளிகைக் கடைக்குப் போனேன். டீச்சர் வீட்டைக் காட்டி, குடும்பம் எப்படி, பையன் என்ன செய்கிறார், கெட்ட பழக்கம் உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கமான எடம் தம்பி. கண்ண மூடிக்கிட்டுச் செய்யலாம்."

பையன் சென்னையில் வேலை பார்க்கிறான், பீடி சிகரெட் கிடையாது, அம்மா சொல்லைத் தட்டமாட்டான் என்று கேட்காததையெல்லாம் அடுக்கினார். என் ஊரையும், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் வேறு கேட்டார். ஒருவரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாத கடைக்காரரை அதுவரை நான் கண்டதில்லை. டீச்சர் இவரை முன்கூட்டியே சரிக்கட்டி வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நான் நகர்ந்ததும் அவர் போனை எடுத்ததைத் திரும்பிப் பார்த்தேன். சந்தேகம் உறுதியாகிவிட்டது. வேண்டுமென்றே ஒரு டீ குடித்து, செத்த நேரம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசல் அப்போதுதான் கழுவிய ஈரம். டீச்சர் பட்டுக்கரை போட்ட சேலையில், வலது முட்டியைப் பிடித்தபடி எழுந்து வந்தார். "வாங்க தம்பி, வாங்க" என்று மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார். நான் வாய் திறப்பதற்குள் ஒரு தட்டில் நெய் மினுங்கும் கேசரி, இன்னொன்றில் வாழைக்காய் பஜ்ஜி, காபி. என் மேலாளர் காபிக்கே உஷாராகச் சொன்னவர். கேசரிக்கு என்ன சொல்லியிருப்பாரோ.

தட்டைத் தொடாமல் கேள்விகளை ஆரம்பித்தேன். மகனுக்கு என்ன சம்பளம்? சளைக்காமல் சொன்னார். நிரந்தர வேலையா? ஆமாம். கடன் கிடன் உண்டா? இல்லவே இல்லை. சொந்த வீடா? அவரே கட்டியது, மகள் கல்யாணத்துக்கும் இந்த வீட்டுக்குமே தன் ஓய்வுப் பணம் போய்விட்டது என்றார். எல்லாவற்றுக்கும் இவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொல்கிறவரை நான் பார்த்ததே இல்லை. மகனின் போட்டோவைக்கூட எடுத்து வந்து காட்டினார். எதையோ மறைக்கிறார் என்று என் மனம் அடித்துச் சொன்னது.

அப்போதுதான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நீங்களே எல்லாத்தையும் கேட்டா எப்படித் தம்பி? தங்கச்சி என்ன படிச்சிருக்கு?"

"எந்தத் தங்கச்சி, டீச்சர்?"

"ஒங்க தங்கச்சிதான். பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்க வந்திருக்காங்கன்னு கடையிலருந்து போன் வந்துச்சே."

எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவன் தெருமுனையில் நின்று ஒரு வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்டால், அவன் சம்பந்தம் பேச வந்தவன்தான். வேறு எதற்கு வருவான்? எதற்கென்று சொல்லாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது தோன்றவில்லை. இந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை.

விசாரிக்கும்போது சட்டைப் பைக்குள் மறைத்து வைத்திருந்த அடையாள அட்டையை வெளியே எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி இன்னும் சூடாக இருந்தது போல. அந்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. பிறகு அவர் டீச்சர் குரலில் கேட்டார்.

"கார்டு கேட்டது நான். அப்ப எம்மவன் சம்பளம் ஒங்களுக்கு எதுக்கு?"

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. மழுப்பினேன். அவர் விடவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, ஒரு கையெழுத்து போடுங்க டீச்சர் என்று கெஞ்சி இந்தக் கார்டைக் கொடுத்தவர்கள் நீங்கள்தானே என்றார். ஒரு மாதம்கூடத் தவணை தவறியதில்லை. இப்போது இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் செய்ய மதுரை ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாகிவிட்டது. பழைய லிமிட் இருந்தால் கார்டில் கட்டிவிட்டுப் பென்ஷனில் மாதாமாதம் அடைத்துவிடுவார். மகனிடம் கேட்டால் தருவான்தான். ஆனால் தன் முட்டிக்குத் தானே செலவழிக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

"உள்ளதச் சொல்லுங்க தம்பி. கிடைக்குமா, கிடைக்காதா?"

சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் விதி. ஆனாலும் சொன்னேன். வயதைச் சொல்லித் தட்டிவிடுவார்கள். பிறகு மகன் பெயரில் ஒரு கார்டு கொடுத்து, அதற்குத் துணைக் கார்டாக உங்களுக்கு ஒன்று தருவோம் என்று உங்கள் மகனிடம் பேசுவார்கள். என்னை அனுப்பியதே அதற்கு உங்கள் மகன் தேறுவாரா என்று பார்க்கத்தான். சொல்லச் சொல்லத்தான் நான் செய்கிற வேலை என்னவென்று எனக்கே முழுதாகப் புரிந்தது.

"அவனுக்கு மொதமொதல்ல பேங்க்ல கணக்குத் தொடங்கக் கையெழுத்துப் போட்டவ நான். இப்ப எனக்கு அவன் போடணுமா?"

எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"சாப்பிட்டுட்டுப் போப்பா. அது ஒங்க கம்பெனிக்குப் பண்ணினதில்ல. வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பண்ணினது."

சாப்பிட்டேன்.

டீச்சரின் விண்ணப்பம் நான் சொன்னபடியே திரும்பியது. அடுத்த வருடம், அந்த வேலையை விட்டபின், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சங்கிலியை அடகு வைத்து ஒரு முட்டிக்கு ஆபரேஷன் முடித்துவிட்டாராம். இன்னொன்று, சங்கிலி திரும்பிய பிறகு. லேசாகச் சாய்ந்துதான் நடந்தார். மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்று சொல்லிவிட்டு, "ஒனக்குத் தங்கச்சி இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் நீ சொல்லவே இல்லையே" என்று சிரித்தார்.

எனக்குத் தங்கை இல்லை. அப்பா இருக்கிறார். போன மாதம் கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்டு அவரோடு பேங்குக்குப் போனேன். அதிகாரி அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எவ்வளவு நிலம்? நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். படிக்காதவர் என்பதால், அப்பாவும் வழக்கம்போல என் வாயைப் பார்த்தார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு, "கடன் கேக்குறது அவரு சார், அவர்கிட்டயே கேளுங்க" என்றேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலத்தில் ஆரம்பித்து, போன தடவை அவரைக்காய் விற்ற விலை வரைக்கும் நிதானமாகப் பேசினார். கடன் கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வேலையில் கற்ற சந்தேகங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். ஆனால் பெரியவர்களை எதிரில் உட்காரவைத்துவிட்டு அவர்கள் பிள்ளையிடம் பேசுகிற யாரைக் கண்டாலும் எனக்கு வருகிற சந்தேகத்தை மட்டும், டீச்சர் வீட்டில் சாப்பிட்ட அந்தக் கேசரிக்காகவாவது, நான் விடுவதாக இல்லை.